கவாத்து

தமிழில் கவாத்து என்ற சொல் இரண்டு இடங்களில் புழங்குகிறது. தேயிலைத் தோட்டத்தில் செடியை வெட்டி மட்டப்படுத்துவது கவாத்து. போலீஸ் மைதானத்தில் ஆட்களை வரிசையில் நிறுத்திக் கால் மாற்றவைப்பதும் கவாத்து. இரண்டும் ஒரே சொல்தானா, வெறும் ஒலி ஒற்றுமையா என்பதை அகராதிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். வெட்டுவதையும் பழக்குவதையும் ஒரே வாயால் சொல்ல நமக்குக் கூசவில்லை என்பதுதான் என் கவனத்தை இழுக்கிறது. ஐந்தில் வளையாததைப் பற்றிய பழமொழியும் இந்தக் கூச்சமின்மையில் பிறந்ததுதான். செடிக்குச் செய்வதைக் காட்டிக் குழந்தைக்குச் செய்வதை நியாயப்படுத்துகிறோம். இந்த உவமை எவ்வளவு தூரம் தாங்கும்?

உவமையைச் சோதிக்க மல்லிகை உதவாது. அது ரொம்ப மரியாதையான செடி. மார்கழியில் அதை வெட்டுகிறவனை யாரும் கேள்வி கேட்பதில்லை. கஞ்சாவை எடுத்துக்கொள்கிறேன். மனிதன் ஒரு செடியை எத்தனை விதத்தில் பழக்க முடியுமோ அத்தனையும் இன்று அதன்மேல் நடந்துகொண்டிருக்கிறது. அதற்குச் சட்டமும் ஒரு காரணம். கலிபோர்னியாவில் 2016 வாக்கெடுப்புக்குப் பிறகு வீட்டுக்கு ஆறு செடி வளர்க்கலாம். கனடாவில் 2018 முதல் பெரும்பாலான மாகாணங்களில் நான்கு. ஜெர்மனியில் 2024 முதல் வயது வந்த ஒருவருக்கு மூன்று. (நம் நாட்டில் அனுமதியின்றி வளர்ப்பதே குற்றம். 1985ஆம் ஆண்டுச் சட்டம் பூத்த நுனியைத்தான் கஞ்சா என்று வரையறுக்கிறது. நுனியோடு சேராத இலையையும் விதையையும் விட்டுவிடுகிறது.) அங்கே சட்டம் தண்டை எண்ணுகிறது, பூவை எண்ணுவதில்லை. ஆகவே வளர்ப்பவனின் புத்தி முழுவதும் ஒரு தண்டில் எத்தனை பூங்கொத்து என்ற கணக்கில் குவிகிறது. ரேஷன் எங்கே உண்டோ அங்கே இந்தச் சாமர்த்தியமும் உண்டு. கௌன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மகசூல் என்கிறோமே, அது அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்த சொல். விளைச்சலைக் குறித்த அதே சொல் வரியையும் குறித்தது.

தன்னிஷ்டத்துக்கு விட்டால் இந்தச் செடி ஊசிக்கோபுரமாக வளரும். உச்சியில் ஒரு பெரிய பூங்கொத்து, கீழே சில்லறைகள். நுனியைக் கிள்ளிவிட்டால் அடுத்த கணுவிலிருந்து இரண்டு கிளைகள் எழும்புகின்றன. கிள்ள மனமில்லாதவர்கள் தண்டை வளைத்துக் கயிற்றால் கட்டுகிறார்கள், அல்லது மேலே வலை விரித்துத் தலைகளை ஒரே மட்டத்தில் அடக்குகிறார்கள். எல்லாக் கிளைக்கும் ஒளி சமமாகக் கிடைத்து எல்லாமே உச்சியாகிவிடுகின்றன. 1930களில் திமானும் ஸ்கூகும் ஓர் அவரை இனச் செடியில், நுனியை வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்தாலும் பக்கமொட்டுகள் அடங்கிக்கிடப்பதைக் காட்டினார்கள். நுனி ஆணை அனுப்புகிறது, மொட்டுகள் கீழ்ப்படிகின்றன என்று அதற்குப் பொருள் சொல்லப்பட்டது. 2014இல் பட்டாணிச் செடியில் நடந்த ஆய்வு இந்த அரசியலைக் கொஞ்சம் மாற்றியது. நுனியை வெட்டியதும், ஆக்சின் குறைந்த செய்தி வந்து சேருமுன்பே கீழ்மொட்டுகள் கிளம்பிவிடுகின்றன. அவற்றைக் கிளப்புவது சர்க்கரை. அதுவரை நுனி முந்தித் தின்றுகொண்டிருந்திருக்கிறது. ஆணையிட்டு ஆள்வதைவிட முதல் பந்தியில் உட்கார்ந்து ஆள்வது சுலபம்தான்.

இதுவரை கேட்ட சமதர்மவாதி ஒருவர் கிள்ளுவதை ஆதரிக்கக்கூடும். மேலே இருந்ததை வெட்டியதால் கீழே இருந்தவை எழுந்தன அல்லவா? எழுந்தன. ஆனால் வலைக்கு மேலே ஒன்றும் போகக்கூடாது, வலையைக் கட்டியவன் செடி அல்ல.

அரிஸ்டாட்டில் தன் இயற்கை பற்றிய நூலில் அந்திபோன் என்பவரின் ஒரு கற்பனையை எடுத்துப் பேசுகிறார். ஒரு கட்டிலை மண்ணில் புதைத்து, அது அழுகி முளைவிடுமானால், முளைப்பது மரமாக இருக்கும், கட்டிலாக இருக்காது. கட்டில் என்ற ரூபம் தச்சன் மேலே ஏற்றியது. மரம் என்பது அதன் ஸ்வபாவம். கயிறு கட்டிய செடியும் இதையே சொல்கிறது. அவிழ்த்துவிட்டால் நுனி மறுபடி மேலே திரும்புகிறது, ஏதோ ஒரு கிளை மறுபடி தலைமை எடுக்கிறது. அதனால்தான் நாள் தவறாமல் இழுத்துக் கட்ட வேண்டியிருக்கிறது. இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைப்பதுபோல் தோன்றும்: கட்டை அவிழ்த்த பிறகு அந்த வளைவை யார் வைத்துக்கொள்கிறார்கள்? பரதம் கற்ற பெண்ணின் அரைமண்டி குரு போன பிறகும் அவளுடையது. மதிப்பெண்ணுக்குப் பேர்போன உறைவிடப் பள்ளியில் வளைக்கப்பட்ட பையன் பரீட்சை முடிந்த மறுநாள் பாடம் முழுவதையும் உதறிவிடுகிறான். முன்னது பயிற்சி, பின்னது கவாத்து. ரூஸோ இப்படி ஓர் அளவுகோலைத் தேடாமலே 1762இல் 'எமிலி'யைத் தொடங்குகிறார். மனிதன் தோட்டத்து மரத்தைத் தன் ருசிக்கு முறுக்குவதைத் திட்டிய கையோடு, செடிக்குச் சாகுபடி, மனிதனுக்குக் கல்வி என்கிறார். இரண்டுக்கும் நடுவே சில பாராக்கள்கூட இல்லை.

ஆனால் இந்த அளவுகோல் கயிறு வரைக்கும்தான் செல்லும். கஞ்சாவுக்குச் செய்யப்படுவதில் கயிறு சின்ன விஷயம்.

இது நீண்ட இரவைக் கண்டு பூக்கும் செடி. அறைக்குள் வளர்ப்பவர்கள் பதினெட்டு மணிநேரம் விளக்கெரித்து அதைக் கோடையில் வைத்திருக்கிறார்கள். போதுமென்று தோன்றியதும் பன்னிரண்டு மணிநேர இருட்டைத் தருகிறார்கள். செடி இலையுதிர்காலம் வந்துவிட்டதென்று எடுத்துக்கொண்டு பூக்கிறது. இங்கே யாரும் எதையும் வளைக்கவில்லை. செடி தன் ஸ்வபாவப்படிதான் நடந்துகொள்கிறது, பருவம் மட்டும் பொய். அந்திபோனின் கட்டில் இந்த இடத்தில் உதவாது. தானே விரும்பிச் செய்கிறான் என்று நாம் யாரைப் பற்றிச் சொல்லும்போதும், அவனுக்குக் காட்டப்பட்ட பருவம் எது என்று கேட்க வேண்டியிருக்கிறது. கயிற்றின் தழும்பை ஒருவன் பின்னால் தடவிப் பார்க்கலாம். விளக்கை அணைத்த நேரத்துக்குத் தழும்பு இல்லை.

இதைவிடப் பழையது வங்காளத்து முறை. இன்று வங்கதேசத்திலிருக்கும் நவகாவ் வட்டாரத்தில் பிரிட்டிஷ் அரசின் உரிமத்தோடு கஞ்சா பயிராயிற்று. 1877இல் ஹேம் சந்தர் கெர் இதுபற்றி அரசுக்கு விரிவான அறிக்கை எழுதினார்; 1893-94இல் அமைக்கப்பட்ட ஆணையமும் பதிவு செய்தது; 1917இல் விவசாயிகளுக்குக் கூட்டுறவுச் சங்கமே ஏற்பட்டது. செடி நன்றாக ஓங்கட்டுமென்று கீழ்க்கிளைகளை அங்கேயும் கழித்தார்கள். ஆனால் முக்கியமான ஆள் வெட்டுகிறவனல்ல, பார்க்கிறவன். பரக்தார் அல்லது போத்தார் என்பது அவன் பெயர். போத்தார் என்றால் நாணயத்தின் நல்லது கெட்டது பார்ப்பவன் — என் தொழிலின் மூதாதை என்றுகூடச் சொல்லலாம். அவன் வயலில் நடந்து, பூ விரியுமுன்பே ஆண் செடியை அடையாளம் காட்டுவான், அதைப் பிடுங்கிவிடுவார்கள். மகரந்தம் சேராத பெண் பூ விதை வைப்பதில்லை. மேலும் மேலும் பூத்து, பிசினைச் சுரந்துகொண்டே இருக்கிறது. சந்தையில் விலை அந்தப் பிசினுக்குத்தான். செடிக்குப் பூ விதைக்கான வழி. வளர்ப்பவனுக்கு விதை பூவுக்கு நேர்ந்த கேடு. அதிக மகசூல் என்று நாம் எழுதிவைக்கும் எண், செடியின் பக்கத்திலிருந்து பார்த்தால், நிறைவேறாத ஒன்றின் நீளம்.

செடிக்கு வலியில்லை, ஏமாற்றமில்லை, இதெல்லாம் நாம் ஏற்றிச் சொல்வது என்று ஆட்சேபிக்கலாம். சரிதான். செடிக்காக நான் வாதாடவில்லை. செடியைக் காட்டிக் குழந்தைக்கு நியாயம் சொன்னவர்கள்தான் இந்தப் பிசினுக்கும் பதில் சொல்ல வேண்டும். உவமையை ஐந்து வயது வளைவோடு நிறுத்திக்கொள்வது அவர்கள் சௌகரியம். ஓர் எழுத்தாளன் வருஷத்துக்கு மூன்று நாவல் தருகிறான் என்று நம் பெரிய பத்திரிகைகள் மெச்சும்போதும் அவனுக்கு எந்தப் பருவம் காட்டப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை.

நெடுநாள் கருவுறாமல் நிற்கும் பெண் செடி சிலசமயம் தானே ஒன்றிரண்டு ஆண் பூக்களை விடுவதுண்டு. அதன் மகரந்தத்திலேயே விதையும் பிடிக்கும். வளர்ப்பவர்களின் பேச்சில் அது கெட்டுப்போன செடி. பெரும்பாலும் மற்றவற்றில் மகரந்தம் படுமுன் அதை அப்புறப்படுத்திவிடுகிறார்கள்.