குளவியும் கருணையும்

அருளாளன் படைத்த உலகில் ஓர் உயிர் மற்றோர் உயிரை உள்ளிருந்தே தின்று வளர்வது முறையாகுமோ என்னும் வினா புதிதன்று. புழுவின் உடலில் முட்டையிடும் குளவியினத்தைச் சுட்டி, அன்புடைய இறைவன் இதனைத் திட்டமிட்டே படைத்தான் என்று நம்பத் தம்மால் இயலவில்லை என டார்வின் 1860-இல் தாவரவியலார் ஆசா கிரேக்கு எழுதினார். நெல்வயலில் ஒட்டுண்ணி அட்டை கட்டுவதைக் கண்டு வளரும் நம் பாபநாசத்துப் பிள்ளைகளும் இதையே வினவுகின்றனர். அதட்டி அடக்கத்தக்க வினா அன்று இது.

நம் மாநிலத்திலேயே நிகழ்ந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி காணப்பட்டது. செதில் பூச்சிகளின் உறவான அது வெண்மெழுகுப் போர்வைக்குள் இருந்துகொண்டு செடியின் சாற்றை உறிஞ்சும். பப்பாளியும் மரவள்ளியும் மல்பெரியும் பாழாயின. தெளித்த நஞ்சு அப்போர்வையை எளிதில் ஊடுருவவில்லை. நன்மை செய்யும் பூச்சிகளையோ அது விட்டுவைப்பதில்லை. 2010-இல் பெங்களூரிலுள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூவகை ஒட்டுண்ணிக் குளவிகளை வருவித்துச் சோதித்தது. அவற்றுள் சிறந்து விளங்கிய அசெரோஃபேகஸ் பப்பாயே ஒரு மில்லிமீட்டர் நீளமும் இல்லாதது. தாய்க்குளவி மாவுப்பூச்சிக் குஞ்சினுள் முட்டையிடும். புழு உள்ளே தின்று வளரும். பூச்சியின் உடல் இறுகிக் கூடாகும். அதைத் துளைத்துப் புதுக்குளவி வெளிவரும். அவை பரவிய தோட்டங்கள் மீண்டன.

அரபியில் கருணையைக் குறிக்கும் 'ரஹ்மத்'தும் கருப்பையைக் குறிக்கும் 'ரஹிம்'மும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். ஈண்டு ஓர் உயிரின் உடல் வேறோர் உயிரின் குஞ்சுக்குக் கருப்பையாகிறது. ஏந்திய உயிரோ மாள்கிறது. இது கொடுமை அன்றோ எனின், அரபியில் கொடுமைக்குரிய 'ளுல்மு' என்னும் சொல்லை நோக்குவோம். ஒரு பொருளை அதற்குரிய இடத்தில் வையாது வேறிடத்தில் வைத்தலே ளுல்மு என்பர் அகராதி வல்லார்.

மாவுப்பூச்சியின் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் ஆகும். அங்கே குளவியும் உண்டு, பூச்சியும் உண்டு. ஒன்று மற்றொன்றை அளவில் நிறுத்துகிறது, அடியோடு அழிப்பதில்லை. அழித்துவிட்டால் குளவியின் குஞ்சுக்கும் வாழ்வில்லை. பெண் மாவுப்பூச்சிக்குச் சிறகு இல்லை. மனிதனின் சரக்கோடும் செடியோடுமே அது கடல் கடந்திருக்க இயலும். பகையை விடுத்துப் பூச்சியை மட்டும் இடம் பெயர்த்தவன் மனிதன். ளுல்மு அவனுடையது. குளவியோ தனக்கு விதித்த வழியன்றி வேறறியாது; வேறு வழி அறிந்தும் தவறுவோனையே கொடியவன் என்கிறோம்.

கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த அல்-ஜாஹிள், தமது 'கிதாபுல் ஹயவான்' நூலில், நன்மையும் தீமையும் கலந்திருப்பதிலேயே உலகின் நலன் அமைந்துள்ளது என வாதிட்டார். எனினும் இதனால் மாவுப்பூச்சியின் சாவு சாவன்று என்றாகிவிடாது. அதனை மறைத்துச் சொல்லும் சமாதானம் பிள்ளைகளின் நெஞ்சில் நில்லாது. அந்த ஹிக்மத்தை முழுதும் அறிந்தவன் இறைவனே. ஆயினும் வினாவில் ஒரு பங்கு நம்மை நோக்கித் திரும்புகிறது. பூமி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கொல்லைப் பப்பாளியில் வெண்மை கண்டவுடன் நஞ்சுப் புட்டியைத் தேடாது, துளையிட்ட கூடுகள் இலையடியில் உளவா என்று முதலில் பார்ப்பதும் அந்த அமானிதத்தைப் பேணுவதேயாகும்.