மர்மக் கதையும் மதிப்புரையும்: பயன் யாருக்கு?

மர்மக் கதை எழுதியவரால் முடியாத காரியம் ஒன்று உண்டு. தன் கதையை முடிவு தெரியாமல் படிக்க அவரால் ஒருநாளும் இயலாது. கொலையாளி யார் என்று அறிந்தவருக்குத் திடுக்கிடல் ஏது? அந்த அனுபவம் முழுக்க வாசகருடையது. ஆகவே, 'குற்றவாளியைப் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன்' என்று ஒரு வாசகர் மதிப்புரை எழுதினால், அதை மறுக்க ஆசிரியர் கையில் சான்று எதுவும் இல்லை. பிறகு எந்த உரிமையில் அவர் பதில் சொல்கிறார்?

செயல் செய்வதில் மட்டுமே உரிமை, பயனில் இல்லை என்கிறது கீதையின் இரண்டாம் அத்தியாயம். இதற்கு ஓர் உவமை: திண்டுக்கல் மாவட்டம் சேவுகம்பட்டியில், அழகர் பெருமாள் கோயிலில் தை மாதம் வாழைப்பழம் சூறைவிடும் வழக்கம் இருக்கிறது. நேர்ந்துகொண்டவர் கூடையோடு கொண்டுவந்து வீசுகிறார். பழம் பிடித்தவருக்குச் சொந்தம். அச்சேறிய கதையும் அப்படித்தான். ஆனால் பயனில் உரிமை இல்லை என்பதற்காக அக்கறையும் கூடாது என்று கீதை சொல்லவில்லை. மதிப்புரை கண்டு மனம் நோவது குற்றமாகாது. அந்த நோவைத் தீர்ப்பாக்கி வாசகர் மேல் சுமத்துவதுதான் பிழை.

இதைத் தமிழ்ப் புராணம் கடவுளையே ஆசிரியராக்கிப் பேசியிருக்கிறது. தருமி என்ற ஏழைக்காக இறைவனாகிய சிவன் எழுதிய பாட்டில், பெண்ணின் கூந்தலுக்கு இயற்கை மணம் என்ற கருத்தைப் பாண்டியன் அவையில் புலவர் நக்கீரர் குற்றம் என்றார். இறைவன் நேரில் வந்து வாதாடி, கடைசியில் நெற்றிக்கண்ணைத் திறந்தார். வெப்பம் தாளாமல் நக்கீரர் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார். அவர் பின்னர் பணிந்து பாடியதாகப் புராணம் முடித்தாலும், மக்கள் நினைவில் நிற்பவர் பணியாத நக்கீரரே. நெற்றிக்கண் சுட்டதே தவிர, கூந்தல் பற்றிய கேள்விக்கு அது விடை ஆகவில்லை.

இன்னும் ஆழமானது இறையனார் களவியல் என்ற இலக்கண நூல் பற்றிய மரபு. அறுபது நூற்பாக்களை இறைவன் இயற்றினார். புலவர் பலர் உரை கண்டனர். எது மெய்யுரை என்று முடிவு செய்ய நூலாசிரியர் அழைக்கப்படவில்லை. உருத்திரசன்மன் என்ற வாய்பேசாச் சிறுவனை உட்காரவைத்து உரைகளைப் படித்தார்கள். மருதன் இளநாகனார் உரைக்குச் சில இடங்களில் அவன் மெய் சிலிர்த்தது. நக்கீரர் உரைக்குச் சொல்தோறும் கண்ணீர் வார்ந்தது. முருகனின் அவதாரமாகச் சொல்லப்படும் அந்தப் பிள்ளை வாதம் எதுவும் செய்யவில்லை. கேட்டவன் உடம்பில் நிகழ்ந்ததே தீர்ப்பு. நாடித்துடிப்பை ஏற்றுவதற்கென்றே எழுதப்படும் திகில் கதைக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் கிடைக்காது.

ஆனால் மதிப்புரையில் உணர்வோடு தகவலும் கலந்து வரும். தகவல் தவறினால் ஆசிரியர் பேசலாம். எட்கர் ஆலன் போ படைத்த துப்பறிவாளர் துப்பேனுக்குக் கடன்பட்டிருந்தும், தம் பாத்திரமான ஷெர்லாக் ஹோம்ஸ் வாயால் அவரை இகழவைத்ததாக, எழுத்தாளர் கோனன் டாயிலைக் கவிஞர் ஆர்தர் கைட்டர்மன் ஒரு கவிதையில் குறை கூறினார். 1912இல் டாயிலும் கவிதையிலேயே பதில் எழுதினார்: பாத்திரத்தின் செருக்கு, படைத்தவனின் கருத்து ஆகாது. இது நியாயமான மறுப்பு. கதை பிடித்ததா இல்லையா என்பதில் அவர் தலையிடவில்லை. பேசியது யார் என்பதை மட்டுமே திருத்தினார்.

நோக்கத்தை விளக்கும் உரிமையும் ஆசிரியருக்கு உண்டு, ஓர் எல்லைவரை. சேவுகம்பட்டிக்குப் பக்கத்து ஊரான வத்தலக்குண்டில் 1872இல் பிறந்த பி. ஆர். ராஜமையர், 'கமலாம்பாள் சரித்திரம்' என்ற நாவலை 1893 முதல் 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக எழுதினார். அதில் பேயாண்டித் தேவன் என்ற திருடன் வருகிறான். ஊர் வம்பும் பிரிவும் பரபரப்பும் நிறைய உண்டு. முடிவில் ராஜமையர், தமக்குக் கதை முக்கியமல்ல, அலைக்கழிந்த ஓர் ஆன்மா அமைதி அடைந்ததைக் காட்டுவதே நோக்கம் என்று வாசகருக்குச் சொன்னார். வேதாந்தத்தில் தோய்ந்த அவருடைய மனத்தை அறிய அந்தச் சொல் உதவுகிறது. பேயாண்டித் தேவனுக்காகவே படித்த ஒருவரின் இன்பத்தை அது செல்லாததாக்கவில்லை.