எந்தக் கடனை முதலில் அடைப்பது?



சில வாரங்களுக்கு முன் நம் இளைஞர் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஒரு தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அண்ணே, நீங்க வீட்டுக் கடன ரொம்ப வருசம் முன்னாடியே முடிக்கப் போறீங்களாமே. எப்படிண்ணே?" என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கைப்பேசியை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். தம்பி வாயைப் பிளந்தார்.

வீட்டுக்குக் கார் ஓட்டி வரும்போதுதான் மனசு உறுத்தியது. கணக்கைச் சொன்னேன். அந்தக் கணக்குக்காக நான் யாரிடம் கையை விரித்தேன் என்பதைச் சொல்லவில்லை. அந்தப் பாதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் கணக்கு. அது பொய்யில்லை. 2019-இல், என் 31 வயதில், கிள்ளான் பக்கம் ஒரு பழைய தெரஸ் வீடு வாங்கினோம். கடன் 300,000 வெள்ளி, 35 ஆண்டு. வட்டி 4.2 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறக்குறைய 1,365 வெள்ளி வரும். முதல் மாதம் கட்டும் 1,365-இல் 1,050 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 315 வெள்ளிதான். இப்படியே 35 ஆண்டு கட்டினால் மொத்தம் 573,000 வெள்ளி. கிட்டத்தட்ட இன்னொரு வீட்டின் விலை வட்டியாகவே போகிறது. அதே கடனுக்குத் தொடக்கத்திலிருந்து மாதம் 500 வெள்ளி கூடுதலாகக் கட்டினால் 20 ஆண்டுக்குள் முடிந்துவிடும். வட்டியில் சுமார் 131,000 வெள்ளி மிச்சம்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் நாட்டில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. 31 வயதில் 35 ஆண்டுக் கடன் எடுத்தவன் 66 வயது வரை கட்ட வேண்டும். சம்பளம் நின்ற பிறகும் ஆறு வருடம் தவணை ஓடும். அப்போது அதை யார் கட்டுவது? பிள்ளைகள்தான். அதனால் சீக்கிரம் முடிக்க நினைப்பதைப் பேராசை என்று சொல்லிவிட முடியாது.

என் அப்பா ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தாத்தா பால்மரம் சீவியவர். வேலை இருக்கும் வரைதான் வீடு, அதுதான் தோட்டத்துச் சட்டம். தோட்டத்தை விற்றபோது தாத்தா கையில் ஒரு தகரப் பெட்டியும் இரண்டு பாயும்தான் இருந்தன என்று அப்பா சொல்வார். இந்தக் கதை உங்களில் பலர் வீட்டிலும் இருக்கும். "நம்ம பேருல ஒரு வீடு" என்று நம் பெரியவர்கள் சொல்லும்போது குரல் மாறுகிறதே, அதற்கு இதுதான் காரணம்.

2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் என் ஓவர்டைம் நின்றது. ஏப்ரல் முதல் ஆறு மாதம் தவணையை ஒத்திவைத்தார்கள். மூச்சு விட்டோம். ஆனால் ஒத்திவைத்தது தவணையைத்தான், வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. பிறகு பேங்க் நெகாராவின் ஓ.பி.ஆர். 2020 ஜூலையில் 1.75 விழுக்காடாக இருந்தது, 2023 மே மாதம் 3 விழுக்காட்டுக்கு வந்தது. என் தவணையும் அதன் பின்னாலேயே ஏறியது. அந்தப் பயத்தில்தான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். மாதம் 500 வெள்ளி எங்கிருந்தாவது எடுத்தே ஆக வேண்டும்.

முதல் 200 சுலபமாக வந்தது. மாமாக் கடை, தாப்பாவ், பார்க்காத டிவி சேனல்கள், எல்லாம் என் சுகம். வெட்டினேன். அடுத்த 300-க்குத்தான் திண்டாட்டம். அம்மாவுக்கு மாதம் கொடுத்த 300-ஐ 200 ஆக்கினேன். மகளின் பரதநாட்டிய வகுப்பை நிறுத்தினேன். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் மொய், பெட்ரோல், டோல் என்று ஆகிறதே என்று, "வேலை இருக்கு" எனச் சொல்லித் தவிர்த்தேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. மகள் இரண்டு நாள் அழுதாள், பிறகு விட்டுவிட்டாள். நோட்டுப் புத்தகத்தில் மட்டும் எண்கள் அழகாக இருந்தன.

2023 ஆகஸ்டில் சித்தப்பா போன் செய்தார். லோரி ஓட்டிப் பிழைப்பவர். கியர்பாக்ஸ் போய்விட்டது, 2,500 வெள்ளி வேண்டும், மூன்று மாதத்தில் தருகிறேன் என்றார். கேட்கவே அவருக்குக் கூச்சம். என் சேமிப்பில் அரையாண்டு போனஸ் 4,000 வெள்ளி இருந்தது. அடுத்த வாரம் அதை அப்படியே வீட்டுக் கடன் அசலில் போடுவதாக இருந்தேன்.

"இப்ப கையில இல்ல சித்தப்பா" என்றேன்.

"பரவால்லப்பா, நான் வேற எடத்துல பாத்துக்கிறேன்" என்றார்.

அடுத்த வாரம் 4,000 கட்டினேன். வங்கி அறிக்கையில் அசல் குறைந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தையும் மறைக்காமல் சொல்கிறேன்.

இந்தச் சித்தப்பா யார் தெரியுமா? நான் கல்லூரியில் சேர்ந்தபோது முதல் தவணைக் கட்டணம் 1,800 வெள்ளி கட்டியவர். அப்போது தன் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு ஆறு மாதம் பஸ்ஸில் வேலைக்குப் போனார்.

நவம்பரில் தீபாவளி. சித்தப்பா வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது காரில் என் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "ஏங்க, சித்தி கழுத்துல மஞ்சக் கயிறுதான் இருக்கு. தாலிக் கொடியக் காணோம்." பிறகு விசாரித்தால், ஆகஸ்டிலேயே அடகுக்கடைக்குப் போயிருக்கிறது. வீட்டுக் கடனுக்கு வட்டி ஆண்டுக்கு 4 விழுக்காடு சொச்சம். அடகுக்கடை வட்டி அதைப் போலப் பல மடங்கு. நான் சின்ன வட்டியை மிச்சம் பிடித்தேன், அதற்காக என் குடும்பம் பெரிய வட்டியைக் கட்டியது. வெறும் கணக்காகப் பார்த்தால்கூட நான் செய்தது நஷ்டம்தான்.

அன்று இரவு தூங்கவில்லை. "கையில் இல்லை" என்று சொன்னது பொய்யா?

ஒரு நண்பரிடம் கேட்டேன். "அது ஒதுக்கின காசுடா. ஒதுக்கின காசு கையில இல்லாத மாதிரிதான்" என்றார். கேட்க ஆறுதலாக இருந்தது. ஆனால் எனக்கு நானே ஒரு சோதனை வைத்துப் பார்த்தேன். அன்று வங்கி அதிகாரி போன் செய்து, "உங்களிடம் 4,000 இருக்கிறதா?" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? "இருக்கு சார்" என்றுதான் சொல்லியிருப்பேன். வங்கிக்கு இருந்த காசு சித்தப்பாவுக்கு இல்லாமல் போனது எப்படி? காசு இருந்தது. அவரை வரிசையில் பின்னால் தள்ளியவன் நான்தான். அதை நேராகச் சொல்லத் தைரியம் இல்லாமல் "இல்லை" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

இங்கே சிலர் கோபப்படுவீர்கள். "அண்ணே, சொந்தக்காரங்க கேக்கும்போதெல்லாம் குடுத்தா நாம எப்ப வீடு கட்டி முடிக்கிறது?" நியாயமான கேள்வி. கேட்டவருக்கெல்லாம் கொடுத்து, யார் யார் கடனுக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டு, கடைசியில் தன் பிள்ளைகளைத் தெருவில் நிறுத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். அதை அறம் என்று சொல்ல மாட்டேன்.

நம் மொழியே இதற்கு ஒரு வழி காட்டுகிறது. தமிழில் "கடன்" என்றால் வாங்கின பணம். "கடன்" என்றால் செய்ய வேண்டிய கடமையும்தான். இரண்டுக்கும் ஒரே சொல். வங்கிக் கடனுக்கு மாதாமாதம் அறிக்கை வருகிறது, தாமதித்தால் கடிதம் வருகிறது. அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் நான் பட்ட கடனுக்கு எந்த அறிக்கையும் வராது, தாமதித்தாலும் யாரும் போன் செய்ய மாட்டார்கள். அதனால்தான் அது சுலபமாகப் பின்னால் போய்விடுகிறது. சத்தம் போடும் கடனை முதலில் அடைக்கிறோம், வாய் திறக்காத கடன் அப்படியே நிற்கிறது.

திருக்குறளில் இல்வாழ்க்கை அதிகாரத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும். இல்லறத்தான் பேண வேண்டியவர்கள் என்று வள்ளுவர் ஐவரைச் சொல்கிறார்: முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், ஐந்தாவதாகத் தான். "தான்" இருப்பதைக் கவனியுங்கள். தன்னை அழித்துக்கொண்டு மற்றவரைக் காப்பாற்று என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் "தான்" கடைசி இடம். என் நோட்டுப் புத்தகத்தில் அது முதல் இடத்தில் இருந்தது. அதற்கு "குடும்பத்தின் எதிர்காலம்" என்று அழகாகப் பேர் வைத்திருந்தேன்.

குடும்பத்தையாவது கேட்டேனா? அதுவும் இல்லை. தீபாவளிக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகத்தை மேசையில் வைத்து மனைவியிடம் முழுசாகப் பேசினேன். அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இந்தக் கடன நீங்க மட்டும் கட்டலங்க. அத்தையும் கட்டுறாங்க, பிள்ளயும் கட்டுது. ஆனா எங்க யாரையும் நீங்க கேக்கல." ஒருவன் தன் தேநீரைத் தியாகம் செய்யலாம். அடுத்தவர் மருந்தையும் பிள்ளையின் சலங்கையையும் அவன் தியாகம் செய்ய முடியாது. அவர்கள் விரும்பிக் கொடுத்தால்தான் அது தியாகம். கேட்காமல் எடுத்தால் அதற்கு வேறு பேர்.

இரண்டு மாதம் கூடுதல் தவணை கட்டாமல் பணம் சேர்த்துக்கொண்டு சித்தப்பாவைப் பார்க்கப் போனேன். "அன்னிக்கு என்கிட்ட காசு இருந்துச்சு சித்தப்பா" என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. "தெரியும்டா. ஒங்களுக்குப் போனஸ் எந்த மாசம்னு எனக்குத் தெரியாதா? ஒன் வீடு முடியட்டும்னு விட்டுட்டேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை. கொடியை மீட்டாயிற்று. ஆனால் அவர் கண்ணைப் பார்த்துப் பேச எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

இப்போது நோட்டுப் புத்தகத்தில் வரிசை மாறியிருக்கிறது. முதலில் கட்டாயம்: வீட்டுத் தவணை, அம்மாவுக்குப் பழையபடி 300, காப்புறுதி. இரண்டாவது அவசர நிதி, மூன்று மாதச் செலவுக்கு. வேலை போனாலும் சொந்தத்தில் ஒருவர் விழுந்தாலும் இதுதான் கை கொடுக்கும். மூன்றாவது வீட்டின் சந்தோஷம்: மகள் மறுபடி நடனத்துக்குப் போகிறாள். இவற்றுக்குப் பிறகுதான் கூடுதல் தவணை. 500 இல்லை, 300.

அதற்கும் விலை உண்டு, மறைக்கவில்லை. முன்னே சொன்ன அதே கணக்கில் 500-க்குப் பதில் 300 போட்டால் கடன் முடிய நாலு வருடம் தள்ளிப்போகும். வட்டி சுமார் 33,000 வெள்ளி கூடும். ஆனாலும் 35 ஆண்டு முழுசும் கட்டுவதைவிட 11 ஆண்டு முன்னதாகவே முடியும், ஓய்வு வயதுக்கு முன்பே. அந்த நாலு வருடம் என் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நான் திருப்பிக் கொடுத்தது.

அந்தத் தம்பிக்குச் சில நடைமுறை விஷயங்களும் சொல்ல வேண்டும். சாதாரணக் கடனில் கூடுதல் பணம் போட்டால் அது அடுத்த தவணைக்கான முன்பணமாக நின்றுவிடலாம். அசலில் கழிக்கச் சொல்லி வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். ஃபிளெக்ஸி வகையாக இருந்தால் கூடுதலாகப் போட்டதை அவசரத்துக்குத் திரும்ப எடுக்கலாம். கடனை முழுசாக முடிக்க நினைத்தால், முதல் சில ஆண்டுகளுக்குள் முடித்தால் அபராதம் உண்டா என்று ஒப்பந்தத்தைப் படியுங்கள். ஈ.பி.எப். பணத்தை எடுத்து வீட்டுக் கடனைக் குறைக்க வழி இருக்கிறது, ஆனால் அவசரப்படாதீர்கள். 2024-ஆம் ஆண்டுக்கு ஈ.பி.எப். கொடுத்த லாப ஈவு 6.30 விழுக்காடு. ஆறு தரும் இடத்திலிருந்து எடுத்து, நாலு கேட்கும் இடத்தில் கட்டுவதில் என்ன லாபம் என்று யோசியுங்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகு, கூடுதல் பணம் கட்டும் முன் இன்னும் மூன்றைக் கேளுங்கள். இந்தக் காசு யார் சுகத்திலிருந்து வருகிறது, என்னுடையதா, வேறு ஒருவருடையதா? அவர்களைக் கேட்டேனா? எனக்காக ஒரு காலத்தில் எதையோ விற்றவர் யாராவது இன்று என் வாசலில் நிற்கிறாரா?

இல்லை என்று சொல்ல வேண்டிய நேரமும் வரும். அப்போது "காசு இருக்கு, ஆனா இதுக்கு ஒதுக்கிட்டேன், என்னால இவ்வளவுதான் முடியும்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். கேட்டவர் கோபப்படலாம். ஆனால் அடுத்த தீபாவளிக்கு அவர் வீட்டில் தலை நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட முடியும். என்னால் அன்று முடியவில்லை.