தேன் தின்னி

ரஷ்ய மொழியில் கரடியை 'மெத்வேத்' என்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் 'தேன் தின்னி'. முன்பாதியில் உள்ள 'மெத்', வடமொழி 'மது'வுக்கு உடன்பிறந்த சொல். அந்த மதுதான் தமிழுக்கும் வந்தது. உக்ரேனியர் நாவில் அதே பெயர் முன்பின்னாகப் புரண்டு 'வெத்மித்' ஆகிவிட்டது.

இதற்கும் முன்னால் கரடிக்கு வேறொரு பெயர் இருந்தது. கிரேக்கத்தில் 'ஆர்க்டோஸ்', லத்தீனில் 'உர்சுஸ்', வடமொழியில் 'ரிக்ஷம்' என்று இன்னும் அது பிழைத்திருக்கிறது. ஸ்லாவிய மொழிகளில் மறைந்துபோனது. பெயரைச் சொன்னால் எதிரில் வந்து நிற்கும் என்ற அச்சமே காரணம் என்கிறார்கள் மொழியியலாளர்கள். ராத்திரியில் பாம்பைப் 'பூச்சி' என்று சொல்லும் ஊரில் வளர்ந்த எனக்கு, இதை நம்பச் சிரமமில்லை.

அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த வருடம் எங்கள் வீட்டிலும் ஒரு சொல் மறைந்தது. முதலில் 'கட்டி' என்றோம். சில வாரங்களில் அதைச் சொல்லவும் நாக்கு கூசியது. 'அந்தப் பிரச்சினை' என்றோம். கடைசியில் வெறும் 'அது'. மெத்வேதுக்கும் இதுதான் நேர்ந்தது. மாற்றுப்பெயரிலும் பயம் ஏறிக்கொள்ள, 'கோணக்காலன்' என்றும் 'எஜமான்' என்றும் ரஷ்யர்கள் மேலும் பெயர் தேடினார்கள். பெயர் மாற மாற, பயமும் கூடவே குடி மாறியது.

ஒரு சாயங்காலம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, தலை நிமிராமல் சொன்னாள்: "புத்துநோய்னு சொல்லுடா. வந்தது எனக்கு. நீ ஏன் மென்னு முழுங்கற?"

சொன்னேன். குரல் உடைந்தது.

"முடியெல்லாம் கொட்டிடுமா?" என்று அடுத்துக் கேட்டாள். எத்தனை நாளாக அந்தக் கேள்வியைத் தனியாகச் சுமந்திருந்தாளோ! அவளைக் காப்பதாக எண்ணி, பயத்தோடு அவளை ஒற்றையாக விட்டிருக்கிறோம்.

அந்தப் பழைய காட்டுமனிதர்கள் கரடியின் பெயரைத்தான் விட்டார்கள். கரடியைக் கவனிப்பதை விடவில்லை. அது எதைத் தேடி மரமேறுகிறது என்று பார்த்தல்லவா புதுப்பெயர் வைத்தார்கள்! நாங்களோ பெயரோடு சேர்த்து அம்மாவைப் பார்ப்பதையும் விட்டிருந்தோம்.

அன்று அவள் எதிரே உட்கார்ந்தேன். முறத்தை என் பக்கம் தள்ளினாள். இருட்டும்வரை கீரை ஆய்ந்தபடி, அவள் கேட்டதற்கெல்லாம் தெரிந்தவரை பதில் சொன்னேன்.