வாசல் திறந்தால் போதுமா?

கல்லூரியில் இடம் கிடைப்பது ஒன்று. கிடைத்த இடத்தைத் தன் இடமென்று நெஞ்சாரக் கருத முடிவது வேறொன்று. முன்னதைச் சட்டம் வழங்கிவிடலாம். பின்னதை வழங்க வேண்டியவர் யார்? அது கிட்டாத மாணவனின் கல்வி என்னாகும்? பிள்ளைகளைப் படிக்க அனுப்பும் குடும்பங்கள் அனைத்தும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது.

அமெரிக்காவின் மிஸிஸிப்பிப் பல்கலைக் கழகத்தில் 1962-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஜேம்ஸ் மெரிடித் என்னும் கறுப்பின இளைஞர் சேர்ந்தார். அதற்கு முந்திய இரவில் மூண்ட கலகத்தில் இருவர் மாண்டனர். கூட்டரசின் காவலர்கள் உடன்வரவே அவர் வகுப்புக்குச் சென்றார். சக மாணவர்களில் பெரும்பாலோர் அவரை விட்டு விலகியே இருந்தனர். எனினும் 1963-இல் அவர் பட்டம் பெற்றார்.

"பார்த்தீர்களா! உறுதி இருந்தால் எவரும் படிக்கலாம், ஒட்டுறவு எதற்கு?" என்று கேட்போர் உண்டு. மெரிடித்தின் வீரம் போற்றுதற்குரியதே. ஆனால் ஒரு சாராருக்குப் பாடம் படித்தால் போதும், மற்றொரு சாராருக்கோ பாடத்தோடு வீரமும் வேண்டும் என்றால், அதை எவ்வாறு சமநீதி என்பது?

உழைப்பும் சில வேளைகளில் போதுவதில்லை. 1970-களில் கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக் கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்பவர், நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர் பலர் தவறுவதன் காரணத்தை ஆராய்ந்தார். ஊக்கமில்லை, குடும்பத்தின் ஆதரவில்லை என்று பலரும் கூறினர். அருகிருந்து பார்த்தபோது அவை பொய்த்தன. அம்மாணவர்கள் கடுமையாக உழைத்தனர். ஆனால் தனித்தே உழைத்தனர். சீன வமிசத்து மாணவர்களோ கூடியமர்ந்து, ஒருவர் பிழையை மற்றவர் திருத்தினர். டிரைஸ்மன் 1978 முதல் கடினமான கணக்குகளைக் கூடிச் செய்யும் குழுக்களை அமைத்தார். பாடத்தை அவர் எளிதாக்கவில்லை, தனிமையை அகற்றினார். மதிப்பெண்கள் உயர்ந்தன.

ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தால், "இன்னும் படிக்க வேண்டும்" என்று ஒருவன் எண்ணுகிறான். "நான் இங்கு வந்திருக்கவே கூடாது" என்று மற்றொருவன் எண்ணுகிறான். மதிப்பெண் ஒன்றே, பொருள்தான் வேறு. இரண்டாமவன் ஆசிரியரிடம் ஐயம் கேட்கவும் கூசுவான். கேட்டால் தன் குறை வெளிப்பட்டுவிடுமே என்று அஞ்சுவான்.

இவ்வெண்ணத்தை மாற்ற இயலுமா? கிரெகரி வால்ட்டன், ஜெஃப்ரி கோஹன் என்னும் உளவியல் அறிஞர்கள் 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தொடக்க காலத் தயக்கம் எல்லோருக்கும் உரியது, நாளடைவில் நீங்குவது என்பதை மூத்த மாணவர்களின் அனுபவங்கள் வாயிலாக முதலாண்டு மாணவர்களுக்கு உணர்த்தினர். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயிற்சிதான். அதில் பங்குகொண்ட கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளை மாணவர்களுக்கும் இடையிலிருந்த மதிப்பெண் இடைவெளி மூன்றாண்டுகளில் பாதியாகக் குறைந்தது.

அப்படியானால் நல்வார்த்தை நாலு சொன்னால் போதுமோ? போதாது. 22 கல்வி நிறுவனங்களில் 26,911 மாணவர்களிடம் இத்தகைய பயிற்சியைச் சோதித்த ஆய்வு 2023-இல் வெளியாயிற்று. அம்மாணவர்கள் உண்மையாகவே ஒன்றிவாழ வாய்ப்பிருந்த கல்லூரிகளில்தான் அது பயன் தந்தது. "நீயும் எங்களில் ஒருவன்" என்ற சொல், அச்சொல்லை மெய்யாக்கும் இடத்தில்தான் பலிக்கிறது.

ஆகவே கடமை இருபாலாருக்கும் உண்டு. மாணவன் தன்னைத் தானே பூட்டிக்கொள்ளலாகாது. ஆயினும் முதலடி எடுத்து வைக்க வேண்டியவர் எண்ணிக்கையில் மிக்கவரே. எந்தக் கூடத்தில் நாம் மிகுதியாக இருக்கிறோமோ, அங்கு அக்கடமை நம்முடையது. ஓரத்தில் தனித்திருக்கும் பிறரை அழைக்க வேண்டியவர் நாமே.

விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம், "எத்தனை மதிப்பெண்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். "யாரோடு சேர்ந்து படிக்கிறாய்?" என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.