காண்பவர் கண்ணும் கலையின் பொருளும்

வடமதுரையில் கம்ஸனுடைய மல்லரங்கினுள் கண்ணன் புகுந்தபோது அங்கிருந்தோர் கண்டது ஒரே திருமேனியைத்தான். ஆயினும் அது மல்லர்க்கு இடியாகவும், மகளிர்க்கு மன்மதனாகவும், ஆயர்க்கு உறவினனாகவும், பெற்றோர்க்குக் குழந்தையாகவும், கம்ஸனுக்கு மரணமாகவும், யோகியர்க்குப் பரதத்துவமாகவும் தோன்றிற்று என்கிறது ஸ்ரீமத் பாகவதம். கலையின் பொருள் கலையில் உளதா, காண்பவர் நெஞ்சில் உளதா?

சென்னை மாநகரம் இக்கேள்வியைத் தன் நாட்டிய மேடையிலேயே சந்தித்தது. 17-ஆம் நூற்றாண்டில் க்ஷேத்ரஞர் முவ்வகோபாலன் மீது தெலுங்கில் பாடிய பதங்களில் நாயகி ஊடுகிறாள், ஏங்குகிறாள், சில இடங்களில் மறைவின்றியே பேசுகிறாள். 1935-இல் அடையாறில் மேடையேறி, மறு ஆண்டே கலாக்ஷேத்ராவை நிறுவிய ஸ்ரீமதி ருக்மிணி தேவி, அத்தகைய பதங்களில் சிலவற்றை மேடைக்கு ஏலாதவை என ஒதுக்கினார். வீணை தனம்மாளின் பேத்தியான ஸ்ரீமதி பாலஸரஸ்வதியோ பதங்களின் ச்ருங்காரத்தைக் குறைக்காமலே ஆடினார். ச்ருங்காரமே தலையாய பாவம், அதற்குத் தூய்மை தேடித் தர வேண்டியதில்லை என்பதை 1975-இல் தமிழ் இசைச் சங்கத் தலைமையுரையிலும் நிலைநாட்டினார். வழிவழியாக ஆடிவந்த குலத்தாரின் கலையைப் பிறர் திருத்துவதா என்ற மனக்குறையும் இவ்விவாதத்தில் கலந்திருந்தது. அதை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று.

ஒருவர் அஞ்சியது காண்போரின் கண்ணை. மற்றவர் நம்பியது கலையின் வலிமையை. வைணவ மரபு இவ்வழக்கில் எப்பக்கம் நிற்கும்? நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் உருகினர். பூர்வாசார்யர்கள் அப்பாசுரங்களில் ஒரு சொல்லையும் நீக்கினாரல்லர், வியாக்யானம் எழுதினர். திருவாய்மொழிக்கு மட்டும் ஆறாயிரப்படி தொடங்கி முப்பத்தாறாயிரப்படி ஈறாக ஐந்து வியாக்யானங்கள் உள. ஈட்டிலோ, ஆளவந்தார் நிர்வாஹம் ஒன்றும் எம்பெருமானார் நிர்வாஹம் வேறொன்றும் அருகருகே நிற்கும் இடங்கள் உண்டு.

அதனால் அவரவர் நினைத்ததெல்லாம் பொருளாகிவிடாது. சொல்லுக்கும் முன்பின் பாசுரங்களுக்கும் பொருந்தாத கருத்தை ஆசார்யர்கள் ஏற்பதில்லை. பதத்தில் ஜீவாத்மாவை மட்டும் கண்டதாகச் சொல்லி, அங்கே கண் கலங்கி நிற்கும் பெண்ணைக் காணாதவரும் பாதியையே கண்டவர்.

மயிலை ஆதிகேசவப் பெருமாள் ஸந்நிதியில் திருவாய்மொழி ஸேவிக்கப்படுகையில் மகளின் ஏக்கமும் தாயின் கவலையும் கோஷ்டியிலுள்ள முதியோர் குரலிலேயே ஒலிக்கின்றன.