பாலம் யாருடையது?

சைதாப்பேட்டையில் அடையாற்றைத் தாண்டுகிற மறைமலை அடிகள் பாலத்தில் ராத்திரி பகலாக வண்டி ஓடுகிறது. அங்கே முதல் பாலத்தைக் கட்டியது ராஜாவும் இல்லை, கும்பினியும் இல்லை. கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்கிற ஆர்மீனிய வணிகர் 1726இல் சொந்தக் காசில் கட்டினார். பரங்கிமலைக்குப் போகிற யாத்ரீகர்கள் ஆற்றைக் கடக்கத் தவிக்கக் கூடாது என்று 30,000 வராகன் செலவழித்தார். பராமரிப்புக்கு 1,500 வராகன் தனியாக வைத்தார் என்கிறது பதிவு. மாம்பலம் என்ற ஊர்ப்பெயர் வெள்ளைக்காரன் வாயில் 'மார்மலாங்' ஆகி, பாலத்துக்கும் அதுவே பெயரானது. பழைய பாலம் போய் 1960களில் புதுப்பாலம் வந்தது.

எங்கிருந்தோ வந்த ஒருத்தர் ஊருக்குப் பாலம் கட்டினார் என்றால் பாராட்ட வேண்டியதுதான். அதில் நமக்குச் சண்டை இல்லை. நம் கேள்வி வேறே.

உஸ்கான் வைத்த கல்வெட்டு லத்தீன், பாரசீகம், ஆர்மீனியம் என்று மூன்று மொழியில் பேசுகிறது. கொடுத்தவர் பெயர் அதில் இருக்கிறது. கல் உடைத்தவன், சுண்ணாம்பு அரைத்தவள், ஆற்றுக்குள் இறங்கி அஸ்திவாரம் தோண்டியவன் பெயர் எந்த மொழியிலும் இல்லை. காசைக் கொடுத்தால் அது கொடை. உடம்பைக் கொடுத்தால் வெறும் கூலி. கொடுக்கிறவன் கை மேலே, வாங்குகிறவன் கை கீழே என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த அறம் இது. கட்டுகிற கை எங்கே இருக்கிறது என்று அந்த அறம் கேட்டதே இல்லை.

கொடை என்று ஒப்புக்கொண்டால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கொடை வாங்கியவன் நன்றி சொல்லணும். நன்றி சொன்ன வாயால் கேள்வி கேட்க முடியாது. உரிமை அப்படி இல்லை. அதற்கு யாரிடமும் கைகூப்ப வேண்டாம். 1924இல் மதராஸ் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலையிலும் தெருவிலும் எந்த வகுப்பாரும் நடக்கலாம், பொதுக் கிணற்றை எவரும் பயன்படுத்தலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். பாலம் வந்து 198 வருஷம் கழித்து, பொது வழி பொது வழிதான் என்று தீர்மானம் போட வேண்டியிருந்தது! பாலத்துக்குச் சாதி கேட்கத் தெரியாது. அதன் இரண்டு கரையிலும் இருக்கிற ஊருக்குத் தெரியும்.

பழங்கதை பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் ஒரு தலித்தின் பிணத்தைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகச் சாதி இந்துக்களின் நிலத்து வழியே பாதை கிடைக்கவில்லை. பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி உடலைக் கீழே இறக்கினார்கள். சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அந்தப் பாலம் அரசாங்கப் பாலம்தான், எல்லாருக்கும் பொதுதான். அதிலிருந்து இறங்குகிற வழி யாருடையது?

ஒரு பாலம் பொதுவா இல்லையா என்பதைக் கட்டியவரின் நல்ல மனசை வைத்து அளக்க முடியாது. கல்வெட்டை வைத்தும் முடியாது. சேரியிலிருந்து புறப்படுகிற பாடை, யாரிடமும் அனுமதி கேட்காமல் அதில் ஏறி அந்தப் பக்கம் இறங்க முடிகிறதா? அதை வைத்துத்தான் அளக்கணும், தோழர்களே.